கச்சு முகம்மது மாமாவின் அரை வயிறு

என் மாமனார் கச்சு முகம்மதுவுக்கு வயிறு பாதிதான் இருந்தது. மற்றப் பாதியைக் கொழும்பில் ஒரு பெரிய டாக்குத்தர் வெட்டி எடுத்துவிட்டார். எங்கள் ஊரான தண்ணீரூற்றில் இது தெரியாத மனிதர் இல்லை. வெளியூரார் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கினால், அவர் குடையை விரிப்பதற்குள் மாமாவே போய்ச் சொல்லிவிடுவார். ஆண்களாக இருந்தால் சட்டையைத் தூக்கித் தழும்பையும் காட்டுவார். நெஞ்சுக் குழியில் தொடங்கித் தொப்புள் வரைக்கும் போகிற தழும்பாம். நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தழும்பைப் பற்றி நான் கேட்ட அளவுக்கு என் சொந்தக் கலியாணத்தைப் பற்றிக்கூடக் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது வழக்கம். என் உம்மாவின் வீடு சின்னது; அதில் ஏற்கெனவே ராத்தாமார் இருவரும் அவர்களுடைய மாப்பிள்ளைமாரும் நிறைந்திருந்தார்கள். ஆகவே மாமாவின் மகன் ஜெமீலைக் கலியாணம் முடித்தபின் நான் அவர்களுடைய வீட்டுக்கே வந்துவிட்டேன். வந்தவளுக்குக் குசினியில், அடுப்படியில், இடம் கிடைத்தது. குசினியில் இருப்பவள் ஒரு வீட்டைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை.

மாமா முன்பு எப்படி இருந்தார் என்பதை மாமி ஸாலிஹா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு அந்தர் இருந்தாராம். ஒரு அந்தர் என்றால் நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல், ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஊரில் அவருக்குப் பெயரே 'ரெண்டந்தர்'. சாரமும் சேலையும் விற்கிற கடையில் காலையில் உட்கார்ந்தாரென்றால் பகல் லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவார். எட்டித் துணியை எடுக்க அவரால் ஏலாது. வாங்க வந்தவர்களே எடுத்து, விரித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் மடித்தும் வைத்துவிட்டுப் போவார்களாம். ஒருமுறை வவுனியாவில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போய்க் கதிரையில் இருந்தவர் எழும்பியபோது கதிரையும் கூடவே எழும்பிவிட்டது. கந்தோர்க்காரர் இரண்டு பேர் பிடித்து இழுத்துக் கழற்றினார்கள். இதை மாமி சிரிக்காமல் சொன்னார். அதன்பிறகு மாமா கனகாலம் வவுனியாப் பக்கம் போகவில்லையாம்.

அதைவிடப் பெரிய அவமானம் சஹனில் நடந்தது. எங்கள் ஊர்க் கலியாணத்திலும் கந்தூரி விருந்திலும் ஆளுக்கொரு கோப்பை வைப்பதில்லை. சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, இறைச்சியை நடுவில் வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடுவோம். அவரவர் தம் முன்னால் உள்ள பக்கத்தில்தான் கை வைக்கவேண்டும். கடைசி ஆள் கையை எடுக்கும்வரை மற்றவர்கள் எழும்பக்கூடாது. மாமா இருந்த சஹனில் பக்கம் என்று ஒன்று இருக்கவில்லையாம். அவர் முன்னால் குழி விழும். பிறகு அந்தக் குழி மற்றவர்களின் பக்கமாக நகரும். அவர்கள் வெறுங்கையோடு அவர் முடிக்கும்வரை காத்திருப்பார்கள். கடைசியில் அவர் பந்திக்கு வருகிற நேரம் பார்த்து எல்லாரும் வேறு வேறு சஹன்களில் ஐந்தாவது ஆறாவது ஆளாக நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள். அவர் நின்று சுற்றிப் பார்ப்பாராம்.

பிறகு வயிற்றுப் புண் வந்தது. இரத்தமாகச் சத்தி எடுத்தார். மாங்குளத்துக்குக் கொண்டுபோய் ரயிலேற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றை வெட்டினார்கள். வெட்டியது புண்ணுக்காகத்தான், கொழுப்புக்காக அல்ல. கொழுப்பு தன்பாட்டில் கழன்று போனது. ஒரு பிடி சோற்றுக்கு மேல் உள்ளே போகாது. இனிப்பைத் தொட்டால் உடம்பெல்லாம் வியர்த்து மயக்கம் வந்துவிடும். டாக்குத்தர் இரண்டு புத்தி சொல்லி அனுப்பினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடவேண்டும். சாப்பிட்ட பிறகு சற்றுப் படுக்கவேண்டும். மாமா தன் வாழ்நாளில் கடைப்பிடித்த புத்திமதிகள் இவை இரண்டும்தான்.

ஓராண்டுக்குள் பாதியாகிவிட்டார். அந்த வருடம் காலபோக வெட்டு முடிந்து நெல் வந்து குவிந்திருந்தபோது, சங்கத்து நெற்களஞ்சியத்துக்குப் போய், மூட்டை நிறுக்கிற தொங்கு தராசின் தட்டில் ஏறி உட்கார்ந்தாராம். களஞ்சியத்தில் நிறுப்பவர் தவராசா. முள்ளியவளைக்காரர். வாயை மூடிக்கொண்டு அவர் ஒரு மூட்டையைக்கூட நிறுத்ததில்லை.

"இருங்கோ கச்சு நானா. பதரெல்லாம் தூத்திப்போட்டோ கொண்டு வந்தனியள்?" என்று கேட்டுக்கொண்டே மற்றத் தட்டில் அரை அந்தர் இரும்புப் படிகளை வைத்தார். ஒன்று. இரண்டு. தட்டுகள் சமமாக நின்றன.

அன்றிலிருந்து மாமாவுக்கு 'ஓரந்தர்' என்று பெயர் வந்தது. ஆண்டுதோறும் காலபோகம் முடிந்ததும் அவர் தராசில் ஏறுவது ஊரில் ஒரு விசேஷமாகிவிட்டது. களஞ்சியம் எங்கள் வேலிக்கு நேர் எதிரே. வேலியின் தென்னோலைக் கிடுகில் நான் கொஞ்சம் விலக்கி வைத்த இடத்தால் பார்த்தால் தராசு முழுதாகத் தெரியும். நான் வந்த வருடமும் அவர் ஏறியதைப் பார்த்தேன். சவரம் செய்து, அத்தர் பூசி, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு போனார். ஓரந்தருக்குமேல் சில இறாத்தல் காட்டியது. சட்டைப் பையில் திறப்புக்கோர்வை இருந்ததென்று சொன்னார். அந்தத் திறப்புகளால் ஒரு கோட்டையைப் பூட்டலாம்.

மெலிந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஒரு சைக்கிள் வாங்கியது. நாற்பத்தைந்து வயது வரைக்கும் சைக்கிளில் ஏறியறியாத மனிதர். மகன் ஜெமீல் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிப் பழக்கினார். அதன்பிறகு துணி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டான், குமுழமுனை என்று குளக்கட்டுப் பாதைகளில் போய்வருவார். அந்தச் சைக்கிளை அவர் துடைக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மட்டும் அவர் தழும்பைப் பற்றிப் பேசுவதில்லை.

மற்ற நேரமெல்லாம் பேச்சுத்தான். மெலிந்த மனிதர் என்பதால் ஊர் அவரைப் பக்தியுள்ள மனிதர் என்று எடுத்துக்கொண்டது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் சேர்த்தார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. கொழுத்தவர்களைக் கண்ட இடத்தில் நிறுத்திப் புத்தி சொன்னார். சோறு மனிதனைத் தின்னுகிறதாம். நான் பிள்ளைத்தாச்சியாக இருந்து இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டபோது, குசினி வாசலில் நின்று, தான் ஒரு பிடியோடு எழும்புவதைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் எத்தனை பிடி சாப்பிடுகிறார் என்று பார்க்கத் தொடங்கினேன்.

சஹனில் இப்போது எல்லாம் தலைகீழ். மாமா பந்திக்குள் வந்தால் நாலு பக்கமும் இருந்து கூப்பிடுவார்கள். "இஞ்ச வாங்கோ, இஞ்ச இடமிருக்கு" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அவர் ஒரு பிடியோடு நிறுத்துவார்; அவருடைய பக்கத்தை மற்ற ஐந்து பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அன்பு பெருகுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஆனால் எங்கள் ஊரில் இன்னொரு மரியாதையும் உண்டு. நோயின் காரணமாகச் சஹனில் தன் பக்கத்தைச் சாப்பிட முடியாமல் ஒருவர் எழும்பினால், விருந்து வீட்டுக்காரர் அவருடைய பங்கைச் சட்டியிலிருந்து புதிதாக எடுத்து மூடிக் கட்டி வீட்டுக்கு அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் விருந்து குறை. மாமாவுக்கு அனுப்பும்போது, பாதி வயிற்று மனிதர் என்ற இரக்கத்தில் கொஞ்சம் கூட்டியே கட்டுவார்கள். இப்படியாக, பந்தியில் ஒரு பிடி சாப்பிட்டுப் பெயர் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால், நெய்ச்சோறும் இறைச்சியும் வந்து குசினியில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம். கொஞ்சம் படுக்கை. மஃரிபுக்கு முன்னால் கொஞ்சம். மறுபடியும் படுக்கை. இஷாவுக்குப் பிறகு சட்டியைத் துடைத்து என்னிடம் கொடுப்பார்.

சாதாரண நாட்களிலும் அப்படித்தான். விடிந்ததும் முட்டைக் கோப்பி. பிறகு பாணும் சம்பலும். பத்து மணிக்குக் கஞ்சி. பகலுக்கு ஒரு பிடி சோறு. அந்தப் பிடி வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டு வந்தது. பின்னேரம் இடியப்பமும் சொதியும், பிறகு தேத்தண்ணீரும் விசுக்கோத்தும், பிறகு இன்னொரு கஞ்சி. எல்லாம் சின்னக் கோப்பையில்தான். சின்னக் கோப்பையில் வைக்காவிட்டால் கோபிப்பார். டாக்குத்தர் சொன்னதை மீறக்கூடாதல்லவா? இனிப்புக்கும் வழி கண்டுபிடித்தார். டின்னில் வருகிற கெட்டி இனிப்புப் பாலை, அதுதான் ரின்பாலை, கரண்டியில் எடுத்து நக்கி நக்கி நேரமெடுத்துச் சாப்பிட்டால் மயக்கம் வருவதில்லை.

நோன்பு மாதத்தில் அவருக்கு நோன்பு இல்லை, நோயாளிக்கு விலக்குண்டு. அதற்குப் பகரமாக ஏழைக்குச் சோறு கொடுத்துவந்தார், ஒழுங்காகக் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் பகலெல்லாம் திரைக்குப் பின்னால் சின்னக் கோப்பைகள் போகும். நோன்பு திறக்கிற நேரம் எங்களோடு வந்திருந்து கஞ்சியும் குடிப்பார். விடியுமுன் எங்களோடு ஸஹர் சாப்பாட்டுக்கும் எழும்புவார். நாங்கள் மாதமுடிவில் கண் உள்ளே போய் இருப்போம். மாமாவுக்குப் பெருநாள் சட்டையின் பொத்தான் பூட்டுப்படாது.

சட்டை சுருங்கியதற்குக் காரணம் புதிய வண்ணான். வயிறு முன்னுக்கு வந்ததற்குக் காரணம் காற்று. முகம் ஊதியது குளத்துத் தண்ணீரால். இடுப்புவாரில் ஒவ்வோர் ஓட்டையாகத் தள்ளிப் போய் ஓட்டை முடிந்ததும், தோலின் தரம் இப்போது கெட்டுவிட்டது என்றார். அந்த வருடம் காலபோகம் முடிந்து தவராசா வேலிக்கு அப்பால் நின்று, "நானா, தராசு காத்துக்கொண்டிருக்கு" என்று கூப்பிட்டபோது, நெல் நிறுக்கிற தராசில் மனிதனை நிறுப்பது மனிதனுக்கு மரியாதை இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் ஏறவில்லை.

ஊர் எதையும் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்க விரும்பவில்லை. பந்தியில் அவர் ஒரு பிடிதானே சாப்பிடுகிறார்! ஒரு பிடி சாப்பிடுகிறவர் கொழுப்பாரா? அது நீர்தான், பாவம், நோயாளி என்றார்கள். பங்கைக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினார்கள்.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஜெமீல் அவரை வவுனியாவுக்கு ஒரு டாக்குத்தரிடம் கூட்டிப்போனார். திரும்பி வந்த மாமா, காற்றுத்தான் என்று சொன்னதாகச் சொல்லிவிட்டு விசுக்கோத்துக் கேட்டார். டாக்குத்தர் சொன்னதை ஜெமீல் பிறகு மாமியிடமும் என்னிடமும் சொன்னார். மிஞ்சியிருந்த வயிறு விரிந்துவிட்டது. இதயம் இந்தப் பாரத்தை இழுக்க முடியாமல் இழுக்கிறது. "அண்டைக்கு வெட்டினாங்கள், தப்பினார். இனி வெட்டுறதுக்கு அங்க ஒண்டும் மிச்சமில்லை. இப்பிடியே திண்டுகொண்டிருந்தா முதல்ல சைக்கிள் நிக்கும், பிறகு நடை நிக்கும், பிறகு எல்லாம் நிக்கும்" என்று மாமாவின் முகத்துக்கு நேரேயே சொன்னாராம். மாமா தழும்பைக் காட்டினாராம். டாக்குத்தர் பார்க்கவில்லையாம்.

மறுநாள் காலையில் மாமி அலுமாரிக்கு மேலிருந்த பெரிய சஹனை என்னைக் கொண்டு இறக்குவித்தார். மாமாவுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், கொடுத்த அளவில் இன்னொன்றைச் சஹனில் வைக்கச் சொன்னார். பாணை ஓரமாக அடுக்கினேன். கஞ்சியை ஒரு கோப்பையில் ஊற்றி வைத்தேன். இரண்டாவது கஞ்சிக்கு அதே கோப்பை போதவில்லை. சோறு, இறைச்சி, இடியப்பம், அவித்த முட்டை, வாழைப்பழம். ஒவ்வொன்றையும் வைக்கும்போது இது அவ்வளவு ஒன்றுமில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. பின்னேரமாகும்போது சஹனை ஒருத்தியாகத் தூக்க என்னால் முடியவில்லை. மாமியும் நானுமாகப் பிடித்து முன்னறைக்குக் கொண்டுபோய்ப் பாயில் வைத்தோம்.

மாமா படுக்கையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார்.

"ஆறு பேருக்கு எடுத்து வைச்சிருக்கிறாய். ஆர் வருகினம்?"

"ஒருத்தரும் வரேல்லை" என்றார் மாமி. "இது நீங்கள் இண்டைக்குத் திண்டது."

மாமா குனிந்து சஹனைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. கஞ்சியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அது மருந்து என்றார்.

மாமி அந்தச் சஹனை அப்படியே பள்ளிவாசலில் தங்கியிருந்த பிரயாணிகளுக்கு அனுப்பினார். ஆறு பேர் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை வழிக்குக் கட்டிக்கொண்டு போனார்களாம்.

அதற்குப் பிறகு வீட்டில் மாமி அளந்துதான் கொடுத்தார். மாமாவும் முறைத்துக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் மாமியின் அளவு வீட்டு வாசலோடு முடிந்துவிடும். வெட்டு முடிந்த காலமல்லவா, வாரம் தவறாமல் எங்கேயாவது கலியாணம், சுன்னத்துக் கத்னா, கந்தூரி. பங்கு வந்துகொண்டேயிருந்தது. வந்ததை மாமி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடப் பார்த்தார். மாமா மூடியைத் திறந்து பார்க்கத்தான் கேட்பார். பார்த்த பிறகு கொடுக்க ஏதும் இருக்காது.

இனிப் பங்கு அனுப்பவேண்டாம் என்று நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள் என்று மாமி கெஞ்சினார்.

"எப்பிடிச் சொல்லுறது? ஏன் எண்டு கேப்பினம்" என்றார் மாமா.

"அப்ப ஏன் எண்டு சொல்லுங்கோ."

மாமா சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். 'ஓரந்தர்' என்ற பெயரை விட்டால் அவருக்கு மிஞ்சுவது 'ரெண்டந்தர்'தான். அந்தப் பெயரும் அந்தக் கதிரையும் நின்று சுற்றிப் பார்த்த பந்தியும் எங்கேயும் போய்விடவில்லை, அவருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பயந்து அவர் உண்மையைச் சொல்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் குமுழமுனைக்குப் போனவர் குளக்கட்டு ஏற்றத்தில் சைக்கிளை உருட்டமுடியாமல் விழுந்துவிட்டார். அந்த வழியாக நெல் ஏற்றிவந்த வண்டியில் தவராசா இருந்திருக்கிறார். மூட்டைகளுக்கு மேலே மாமாவையும், அவருக்கு மேலே சைக்கிளையும் வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். மாமாவின் உதடு நீலமாக இருந்தது. தண்ணீர் குடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வண்டி பள்ளிவாசல் தெருவால் வந்ததா, பின் தெருவால் வந்ததா என்பதுதான்.

"பின் தெருவாலதான் வந்தனான் நானா" என்றார் தவராசா. "மாடு ரெண்டும்தான் பாத்தது. அதுகள் சொல்லாது."

அந்த மனிதர் பகிடி விடாமல் இருந்தால்தான் பயப்படவேண்டும். வெளியே வந்து மாமியிடம் பகிடி இல்லாமல் சொன்னார்: "அக்கா, வண்டிக்குள்ள ரெண்டு தரம் மூச்சு நிண்டது."

அடுத்த கிழமை துணிக்கடை மஸாஹிரின் மகளுக்குக் கலியாணம். மஸாஹிர் மாமாவோடு தொழிலில் போட்டிக்காரர். ஆகவே மாமாவை விழுந்து விழுந்து உபசரிப்பார். பெண்களுக்குத் திரைக்கு இந்தப் பக்கம் பந்தி. துணி மெல்லியது, நான் ஓரமாக இருந்தேன்.

மாமாவைக் கண்டதும் வழக்கம்போல ஐந்து பேர் பிடித்திழுத்து ஒரு சஹனில் இருத்தினார்கள். மாமா ஒரு பிடி சாப்பிட்டார். கையை எடுத்தார். பக்கத்திலிருந்த, பள்ளிவாசலில் ஓதுகிற வயதான லெப்பை, இதுவல்லவா அடக்கம் என்று சொல்லிக்கொண்டே மாமாவின் பக்கத்துக்குக் கையை நீட்டினார். அப்போது மஸாஹிர் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படியாக, கச்சுக் காக்காவின் பங்கைக் கட்டச் சொல்லிவிட்டேன் என்றார்.

மாமா எழும்பவில்லை. சஹனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மஸாஹிர், எனக்கு இனிப் பங்கு அனுப்பவேணாம். அனுப்பினா நான் திண்டிடுவன். இவ்வளவு காலமும் திண்டுகொண்டுதான் இருந்தனான்."

பந்தி முழுவதும் ஒரு கணம் மெல்வதை நிறுத்தியது. திரைக்கு இந்தப் பக்கம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதன்முதலாக அந்த மனிதரின் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. அதை ஊர் நிலைக்க விடவில்லை.

லெப்பைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்கோ, எவ்வளவு பணிவு. பெருமை வந்திடுமெண்டு தன்னைத்தானே தாழ்த்திச் சொல்லுறார்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மாமாவின் கையை எடுத்து முத்தமிட்டார். நெய்க் கை. மஸாஹிர் உணர்ச்சிவசப்பட்டு உள்ளே போனார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பங்கு வந்திருந்தது.

மாமா இரண்டு சட்டிகளுக்கும் முன்னால் குந்தியிருந்தார். மூடியைத் திறக்கவில்லை. வாசனை மூடிக்குள் நிற்கிற வாசனையில்லை. கொஞ்ச நேரத்தில், தூக்கிக்கொண்டு போ, எங்கேயாவது கொண்டுபோ என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சாப்பாட்டை வேண்டாம் என்று அவர் என்னிடம் சொன்னது அதுவே முதல்தடவை. நான் தூக்கிக்கொண்டு போனேன். வேலியடியில் நின்று ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. மஸாஹிர் வீட்டுச் சமையல் நல்ல சமையல்.

மறுநாள் காலையில் மாமா தொப்பி இல்லாமல், அத்தர் இல்லாமல், சாரத்தோடும் பனியனோடும் தெருவைக் கடந்து களஞ்சியத்துக்குப் போனார். நெல் மூட்டையோடு நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர் வரிசையை விலக்கித் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தார். சங்கிலி கிறீச்சிட்டது. நான் கிடுகை இன்னும் கொஞ்சம் விலக்கினேன்.

தவராசா அரை அந்தர்ப் படிகளை எடுத்து வைத்தார். ஒன்று. இரண்டு. மாமா இருந்த தட்டு நிலத்தை விட்டு அசையவில்லை. மூன்று. அசையவில்லை. தவராசா சின்னப் படிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக வைத்தார். தட்டு மெதுவாக எழும்பிச் சமமாக நின்றது. தவராசா முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை" என்றார் மாமா. "உரத்துச் சொல்லு தவராசா."

"ஒண்டே முக்கால் அந்தர்."

"திறப்புக்கோர்வை இல்லை. பனியன்தான். எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னேரத்துக்குள் செய்தி முல்லைத்தீவு வரைக்கும் போய்விட்டது. அதன்பிறகு நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். எல்லாருக்கும் முதலிலேயே தெரியுமாம். மஸாஹிருக்கு அந்த மனிதரின் கன்னத்தைப் பார்த்தே சந்தேகமாம். லெப்பைக்கு அன்று பந்தியில் கண் கலங்கியது ஏமாற்றப்பட்ட வேதனையிலாம். வயிற்றை வெட்டியதே பொய், கொழும்பில் சும்மா படுத்துவிட்டு வந்தவர் என்று ஒருவர் சொன்னார். அவர் அந்தத் தழும்பைப் பலமுறை பார்த்தவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் வேறொருவரைப் போட்டார்கள். அனுப்பிய பங்குகளைத் திருப்பிக் கேட்காததுதான் மிச்சம்.

பங்கு வருவது நின்றது. ஒரேயடியாக நின்றது. மாமி அளந்து கொடுத்தது ஒன்றுதான் மாமாவுக்கு வழி. டாக்குத்தர் சொல்லியும் மாமி கெஞ்சியும் குறையாத பாரம், ஊர் மரியாதை குறைந்ததும் குறையத் தொடங்கியது. வேகமாக அல்ல. வாரில் ஓர் ஓட்டை பின்னுக்கு வர மாதக்கணக்கானது. சிலசமயம் வந்தது திரும்பிப் போனது. ரின்பாலை மாமி ஒளித்து வைக்கிற இடம் மாறிக்கொண்டேயிருந்தது. அவர் கண்டுபிடிக்கிற திறமையும் வளர்ந்துகொண்டேயிருந்தது. அவர் மறுபடி ஓரந்தர் ஆகவில்லை. ஆனால் அடுத்த காலபோகத்தில் குளக்கட்டு ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினார். மேலே போய் நின்று மூச்சு வாங்கிவிட்டு மிதித்துக்கொண்டு போனார் என்று தவராசா வந்து சொன்னார்.

அந்தச் சஹனை மாமி திரும்ப அலுமாரிக்கு மேலே வைக்க விடவில்லை. முன்னறையில், மாமாவின் கதிரைக்கு நேரே, சுவரில் சாத்தி வைக்கச் சொன்னார். வருகிறவர்கள் அலங்காரத்துக்கு வைத்திருப்பதாக நினைத்தார்கள்.

அந்த வருடம் பள்ளிவாசல் கந்தூரியில் மாமாவை ஒருவரும் கைபிடித்து இழுக்கவில்லை. அவர் பந்தியில் நின்று சுற்றிப் பார்த்தாராம். பிறகு வவுனியாவிலிருந்து வந்த ஐந்து வியாபாரிகளின் சஹனில் போய் இருந்தார். அவர்களுக்கும் யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். அவர் ஒரு பிடி சாப்பிட்டுக் கையை எடுத்ததும் அவர்கள் நம்பவில்லை. சஹனைத் தம் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, அவருடைய கையைப் பார்த்தபடியே சாப்பிட்டார்களாம். கடைசி ஆள் முடிக்கும்வரை மாமா எழும்பாமல் இருந்தார்.

சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். நான் அவருக்குரிய கஞ்சியைச் சின்னக் கோப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையின் அடியைப் பார்த்தார். பிறகு எதிரே சுவரில் சாத்தியிருந்த சஹனைப் பார்த்தார். போதும் என்று சொல்லவில்லை. இன்னும் கொண்டுவா என்றும் சொல்லவில்லை. கோப்பையை என்னிடம் நீட்டினார்.

நிரப்பவா கழுவவா என்று நான் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.